ராஜினி அக்கா சொல்லிக்கொண்டு புறப்பட்ட நாள்

மாங்குளத்திலிருந்து சந்திரமண்டலம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ராஜினி அக்காவைப் போல ஒரு வீட்டிலிருந்து மறையத் தெரிந்த ஆள் கிடையாது. இருப்பார், இமை கொட்டுவீர்கள், இருக்கமாட்டார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் கேள்விப்பட்டால் பெட்டி படுக்கையோடு வந்து அவரிடம் ரியூசன் எடுப்பார்கள்.

அந்த வித்தையை அவர் பழகியது செத்தவீடுகளில். அங்கேதான் யாரும் "வாங்கோ" என்று கூப்பிடுவதில்லை. வந்தவரும் "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது. ராஜினிக்கு இது பெரிய நிம்மதி. நாற்பத்தொரு வயது. ஒழுங்கைத் தெருவின் கடைசியில் தனி வீடு. ஏ9 ரோட்டுக் கடைகளுக்குக் கச்சான் கடலை உடைத்துக் கொடுப்பார். யாராவது சுகம் விசாரித்தால் கடகப் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டுவார். ஆனால் எங்கே செத்தவீடென்றாலும் முதலில் போய்த் தேத்தண்ணி ஊற்றுவார், கோப்பை கழுவுவார், பிறகு காற்றாகிவிடுவார்.

பிழையாய்ப் போனது கலியாண வீட்டில். குளத்துக்குக் கீழே வயல் செய்கிற சிவலட்சுமி, மூத்த மகள் தனுஷாவின் கலியாணத்துக்கு ஒழுங்கை முழுவதையும் கூப்பிட்டிருந்தார். ராஜினி பின்பக்கத்தால் வந்து, சோறு வடித்த கிடாரமெல்லாம் மினுக்கிக் கவிழ்த்துவிட்டு, பழக்கதோசத்தில் ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார்.

சனம் விடுமா? "கலியாண வீட்டைச் செத்தவீடாக்கிப்போட்டாள். இனி நல்லது நடக்கிற வீட்டுக்கு அவளைக் கூப்பிடக்கூடாது" என்று முடிவெடுத்தார்கள்.

சிவலட்சுமி குசினி அடுப்படிக்குள் கதைத்தால் ஸ்டேசனில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். மறுநாள் விடிந்ததும் ராஜினியின் வாசற்படலையில் அந்தத் தொண்டை திறந்தது.

"என்ரை பிள்ளை வாழப்போற நேரம் சொல்லாமல் போனனியோடி? வாயில என்ன, கொழுக்கட்டையோ?"

ராஜினி படலைக் கம்பைப் பார்த்துத் தலையாட்டினார். "எனக்குச் சொல்ல வராதக்கா" என்றார்.

அப்படி ஒரு மறுமொழியைச் சிவலட்சுமி எதிர்பார்க்கவில்லை. கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"வராட்டி வரப்பண்ணுவம். பின்னேரம் வீட்ட வா. முன்பக்கத்தால வா. தேத்தண்ணி குடி. சொல்லிப்போட்டுப் போ. என்ரை பிள்ளையின்ரை தோசம் கழியும்."

ராஜினி வந்தார், குடித்தார், எழும்பினார். படலை வரைக்கும் போனார். சொல் வரவில்லை. சிவலட்சுமியும் விடவில்லை. சும்மா நிற்கமுடியாமல் அரிசிமில்காரனைத் திட்டினார், மருமகனின் மீசையைப் பழித்தார். இருட்டியதும், "சரி, நாளைக்கு வா" என்று அனுப்பினார்.

நாளைக்கும் அதேதான். ஐந்தாம் நாள் மருமகனின் மீசைக்கு ராஜினி சிரித்துவிட்டார். எட்டாம் நாள், "அக்கா, அது மீசையில்லை, கறையான் ஏறினது" என்றார். சிவலட்சுமி படலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். தோசத்தை இரண்டு பேரும் மறந்தே போனார்கள். சொல் மட்டும் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம், வீட்டின் இளைய மகள் சாரங்கா, அதாவது இதை எழுதுகிறவள், படலையோரக் கொய்யாமரத்தில் போனோடு ஏறியிருந்தாள். ராஜினி முழிப்பதை வீடியோ எடுத்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பிச் சிரிப்பதுதான் திட்டம்.

ராஜினி படலையில் கைவைத்தபடி சொன்னார்: "அம்மா செத்தது கடைசிச் சண்டைக்குள்ள, அக்கா. ரோட்டோரத்தில கிடத்திப்போட்டு ஓடினனாங்கள். அவவுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் சொல்ல வாறேல்லை."

சிவலட்சுமியின் வாய் மூடியதை அந்த ஒழுங்கை அன்றைக்குத்தான் பார்த்தது. அவர் ராஜினியின் கையைப் பிடித்துக்கொண்டார். கொய்யா இலைகூட அசையவில்லை.

பிறகு அது வந்தது. கிணற்றிலிருந்து வாளி வருவது மாதிரி, மெல்ல மெல்ல, தளும்பித் தளும்பி.

"அக்கா… போயிட்டு வாறன்."

"ஓமடி. போயிட்டு வா. நாளைக்கும் வா." சிவலட்சுமியின் குரல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

ராஜினி ஒழுங்கையில் இறங்கி நாலடி வைத்தார். நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

"மேல இருக்கிற ஆளுக்கும்தான். போயிட்டு வாறன், சாரங்கா. போனை நிப்பாட்டிப்போட்டுக் கண்ணைத் துடை. கொப்புத் தெரியாமல் விழப்போறாய்."