நடு வரிசை விளக்குகள்

பிள்ளைகளே, அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக அம்மா கனடாவுக்கு வந்து நின்ற ஆறு மாதமும் நான் இங்கே என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சமைத்தேன், வயரிங் வேலைக்குப் போனேன் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். விளக்குக் கதையை முழுதாகச் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிப்பிக்கிற ஒரு ரீச்சர், குருநகரில் சாமான் அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்றில் கண்காட்சி வைக்க இருந்தார். நீளமாக ஒரு மீன்வலை, அதில் மூன்று பகுதியாகச் சின்ன விளக்குகள். ஒரு முனையில் ஆள் அசைந்தால் அந்தப் பக்கம் எரியும். மறுமுனையில் அசைந்தால் மறுபக்கம். நடு வரிசை மட்டும், இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் ஆள் அசைந்தால்தான்.

“ஒராள் தனிய நிண்டு நடுவை எரிக்கக் கூடாது அண்ணை. அதுதான் இதின்ரை விசயமே.”

“ஓம் ரீச்சர், லேசான வேலை.”

லேசான வேலைதான். வெளிநாட்டுக்குப் போனவர்களின் பூட்டிய வீடுகளுக்கு அசைவு தெரிகிற சென்சார் எத்தனை பூட்டியிருப்பேன்! வலையை எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து குசினி வாசல்வரை கட்டினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. ஞாயிறு காட்சி. சோதித்துப் பார்க்கப் போனபோதுதான் யோசித்தேன், மற்ற முனைக்கு ஆள் இல்லை.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். இரண்டு வினாடியில் அணைகிற விளக்கு. நான் மறுமுனைக்குப் போக முதலே அது அணைந்துவிடும். இரண்டு பக்கத்து வீடுகளும் பூட்டு. அதற்கு அங்காலே இருப்பவர்கள் புகையிலைத் தோட்டத்தில் நின்றார்கள். எங்கள் வீட்டில் வந்து நின்று கையாட்டுங்கோ என்று போய்க் கேட்க எனக்குக் கூச்சம்.

தம்பி, வீடியோ கோலில் உன்னைத்தான் கூப்பிட்டேன். கனடாவில் அப்போது விடியற்காலை, நீ வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றாய். போனைக் கதிரையில் சாத்திச் சென்சாருக்கு நேரே வைத்தேன்.

“கையை ஆட்டு மோனை.”

“ஆட்டுறன் அப்பா. எரியுதோ?”

எரியவில்லை. உடம்புச் சூடு அசைந்தால்தான் அதற்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாததா? என்றாலும் கூப்பிட்டேன்.

பிறகு எங்கள் ஆட்டைக் கொண்டுவந்து, தின்னக் குழை போட்டு, போன் இருந்த முனையில் கட்டினேன். உடனே அந்தப் பக்கம் பளிச்சென்று எரிந்தது. நீ போனுக்குள் இருந்து கத்தினாய்.

“ஆட்டுக்கு எரியுது, எனக்கு எரியேல்லையோ!”

“உன்ரை சூடு இஞ்சை வராதடா.”

மிச்சக் குழையைக் கையில் பிடித்தபடி என் முனைக்கு ஓடினேன். ஆடு கயிற்றை இழுத்து அவிழ்த்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. தனிய நிற்க அதற்கும் விருப்பமில்லைப் போலும். நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனை வைத்தாய். ஆடும் நானும் ஒரே முனையில் நின்றோம். நடு வரிசை எரியவில்லை.

எரியுமா என்று தெரியாமலே ஞாயிறு காலை கிட்டங்கியில் வலையைக் கட்டினேன். ரீச்சர் ஆட்களை எதிர்பார்த்து வெளியே ஒழுங்கையில் நின்றார். மீன் விற்கிற ஒரு பெண் வெறும் அலுமினியப் பேசினோடு மறுமுனை வாசலால் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணை, வலைக்கு லைற் கட்டினால் மீன் வந்து விழுமோ?”

“விழுந்தால் உங்களுக்குத்தான் அக்கா. கையை ஒருக்கா ஆட்டுங்கோ.”

அவர் ஆட்டினார். நானும் ஆட்டினேன். நடு வரிசை முழுதும் எரிந்தது.

“அம்மாடி!” என்று அவர் கையைக் கீழே விட்டார். கொஞ்சத்தில் நடுப்பகுதி அணைந்தது. “அணையுது அண்ணை, ஆட்டுங்கோ!”

“நீங்கள்தான் நிப்பாட்டினியள்.”

திரும்பவும் ஆட்டினோம். முன்பின் தெரியாத இரண்டு பேர், கை நோகும்வரை. வேலை சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்றாலும் நான் நிற்பாட்டவில்லை.

“நான் போகவேணும், இன்னும் உலை வைக்கேல்லை” என்று சொல்லிப் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் போனார். நடு வரிசை அணைந்தது. அவருடைய பக்கமும் அணைந்தது.

என் பக்கம் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ஏன் என்று பார்த்தேன். என் கை இன்னமும் ஆடிக்கொண்டிருந்தது.