சலைன் ஸ்டாண்டுல தொங்குன வேட்டி

இன்ஸ்பெக்ஷனுக்குப் பெரிய டாக்டரம்மாவோட ஜீப்பு வந்து நின்னப்ப, டெலிவரி ரூம் சலைன் ஸ்டாண்டுல என் வீட்டுக்காரர் வேட்டி தொங்கிக்கிட்டிருந்துச்சு. இப்ப நர்ஸ் வேலைக்கு வர்ற பொண்ணுங்க படிச்சுட்டு நல்லா சிரிச்சுக்குங்க. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல.

திருமானூர் பக்கம் ஒரு சப்சென்டர்ல வில்லேஜ் ஹெல்த் நர்ஸா இருந்தேன். முன்னால ஆஸ்பத்திரி, பின்னால ஒரே ரூம்ல எங்க குவார்ட்டர்ஸ். கார்த்திகை மாசம், ஒரு வாரமா அடைமழை, கரண்டும் இல்ல. குவார்ட்டர்ஸ்ல மூணு இடத்துல ஒழுகுது. துணியெல்லாம் காயாம மக்கிப்போயி வாடையடிக்குது. ஒழுகாத இடம் டெலிவரி ரூம் ஒன்னுதான். ஜன்னலத் தொறந்து வச்சு, கரி அடுப்பப் பத்தவச்சு, எல்லாத் துணியவும் வெந்நீர்ல தொவச்சு அங்க போட்டுட்டேன். ஸ்கிரீன் மேல புடவை, ஸ்டாண்டுல வேட்டி.

ரிஜிஸ்டர் லேட்டாக் குடுத்ததுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தேன். இன்னொன்னு வந்தா அரும்பாவூர் பக்கம் தூக்கி அடிச்சிருவாங்க. வீட்டுக்காரருக்கு இங்க கரும்பு வயலு. அவரு இங்க, நான் அங்கன்னு ஆயிடும்.

டாக்டரம்மா ரூமைச் சுத்திப் பாத்தாங்க.

“இது சப்சென்டரா, சலவைக்கடையாம்மா?”

எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டு மெமோ எழுத பேப்பர் எடுத்தாங்க. நான் புடவைய உருவுறேன், பின் ரூம்ல தும்மல் சத்தம். யாருன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர்னேன். வெளிய வரச் சொல்லுங்கன்னாங்க. எப்படி வருவாரு? அவரோட மொத்தத் துணியும் இங்க தொங்குது. மனுஷன் என் பாவாடையக் கட்டிக்கிட்டு போர்வைக்குள்ள உக்காந்திருக்காரு. இத எந்த வாயால சொல்றது? காய்ச்சல்னு சொல்லித் தொலைச்சேன். அப்ப நானே பாக்குறேன்னு அந்தம்மா ஸ்டெத்தோட எந்திரிச்சுட்டாங்க.

நல்லவேளை, வாசல்ல டிராக்டர் வந்து நின்னுச்சு. செல்வின்னு ஒரு பொண்ணு, ரெண்டாவது பிரசவம், இடுப்பு வலியோட வந்து எறங்குது. அரை மணி நேரத்துல பொம்பளப்புள்ள பொறந்துச்சு. டாக்டரம்மா கூடவே நின்னு பாத்தாங்க. புள்ளையச் சுத்த துணி கேட்டாங்க. பீரோவுல இருந்த கவர்மென்ட் டவலு பூஞ்சணம் புடிச்சுக் கெடக்கு. எங்க பக்கம் பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டாங்க, தொவச்சுத் தொவச்சு மெத்துன்னு ஆன பழைய வேட்டிதான். செல்வியோட மாமியா ஒரு மூட்டை கொண்டாந்துச்சு. அது டிராக்டர்லயே நனைஞ்சு தண்ணி சொட்டுது. புள்ள வெடவெடன்னு நடுங்குது.

டாக்டரம்மா சலைன் ஸ்டாண்டப் பாத்தாங்க.

“நல்லாக் காஞ்சிருக்காம்மா?”

“இப்பத்தாங்க காஞ்சுச்சு.”

அவங்களே வேட்டிய உருவி, மடிச்சுப் புள்ளையச் சுத்துனாங்க. கொஞ்ச நேரத்துல நடுக்கம் நின்னு, மூஞ்சி செவந்து வந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. மெமோ ஞாபகமே இல்ல.

கெளம்பும்போது அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் பையில போட்டுக்கிட்டாங்க. விசிட் புக்குல, குவார்ட்டர்ஸ் ஒழுகுது, உடனே சரிபண்ணணும்னு மட்டும் எழுதுனாங்க. வாசப்படியில நின்னு பின் ரூமைத் திரும்பிப் பாத்தாங்க.

“மொதல்ல அவருக்கு மாத்துத்துணி குடும்மா. காய்ச்சல் தானா எறங்கிடும்.”

அதுலேர்ந்து ரிட்டையர் ஆகுற வரைக்கும், ஐப்பசி பொறக்குறதுக்குள்ள பழைய வேட்டி ஒன்ன நல்லா வெயில்ல காயவச்சு, பாலித்தீன் கவர்ல கட்டி டெலிவரி ரூம்ல வச்சிருவேன். எந்த ஸ்டாக் ரிஜிஸ்டர்லயும் அது இருக்காது. நீங்களும் வச்சுக்குங்க. வேட்டிக்காரருக்கு இன்னொரு வேட்டி இருக்கான்னு மட்டும் முன்னாடியே பாத்துக்குங்க.