பெண்மான் தரையைத் தட்டிய காலை

ஐலா ராவ்டியோவைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். புருஷன் முந்நூறு தப்படி தள்ளி உயிருக்குப் போராடிக்கொண்டு கிடந்தபோது அவள் மானுக்காகக் காத்திருந்தாளாம். கல்நெஞ்சுக்காரியாம். பேசுகிறவர்கள் வாயில் மண் விழ. நான் டெல்மா, அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. ஊர் மதுக்கடையில் முப்பது வருஷமாகச் சமைக்கிறேன். நடந்தது இன்னதென்று எனக்குத் தெரியும்.

மிச்சிகனில் எங்கள் பக்கம் மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்து என்றால் பள்ளிக்கூடம் கிடையாது, மர மில்லில் வேலை கிடையாது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் விடிவதற்குள் காட்டில் இருப்பார்கள். அந்தக் காட்டில் வெள்ளைவால் மானை ஐலா அளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சாலையோரச் சேற்றைப் பார்த்து, "நேத்து சாயங்காலம் ரெண்டு குட்டியோட ஒருத்தி தாண்டிருக்கா" என்பாள். மான் மேய்வதுபோலத் தலையைக் குனியும், சட்டென்று நிமிரும். அது பாசாங்கு, அந்த நேரத்தில் மூச்சுகூட விடாதே என்பாள். வாலை லேசாக ஆட்டினால் பயம் விட்டுப்போயிற்று என்று அர்த்தம். முன்காலால் தரையைத் தட்டினால், எதுவோ அசைவது தெரிகிறது, ஆனால் இன்னதென்று அதற்குப் புரியவில்லை. இதையெல்லாம் கேட்டுக்கொள்ள மீசை நரைத்த வேட்டைக்காரர்களே அவள் வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

அவள் புருஷன் வெண்டல் தங்கமான மனுஷன். ஆனால் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஒரு வருஷம் காலை ஒன்பது மணிக்கு, பாவம் குளிருமே என்று, பிளாஸ்கில் காபியோடு, அவள் மரத்தின் மேல் கட்டி உட்கார்ந்திருந்த பரணுக்கே நடந்து போய்விட்டார். வேட்டையின் முதல் நாள் காலையில் அடுத்தவர் இடத்துக்குள் கால் வைப்பது எங்களிடம் பெரிய குற்றம். இரண்டு மணி நேரமாக அவள் நெருங்கவிட்டுக் காத்திருந்த பத்துக் கிளைக் கொம்புமான் ஒரே தாவலில் காணாமல் போனது.

அன்று சாயங்காலம் மதுக்கடையில் எல்லார் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "கொம்பு வெச்சது ஒரு பக்கம், பிளாஸ்க் வெச்சது ஒரு பக்கம். எதைச் சுடறதுன்னே தெரியல எனக்கு."

கடையே சிரித்தது. வெண்டல்தான் அதிகம் சிரித்தார். "காபி மட்டும் ஒரு சொட்டு விடாம குடிச்சியே, தாயி."

"பேச்சை மாத்தாதே. இனிமே பதினோரு மணிக்கு நானே உன் பரணுக்கு வருவேன். அதுக்கு முன்னாடி நீ இறங்கினேன்னு தெரிஞ்சுது, அப்புறம் இருக்கு உனக்கு."

"சரிங்க மகாராணி" என்று கும்பிடு போட்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் பரண் பலகையில் உறைபனி படிந்திருந்தது. எட்டரை மணி வாக்கில், கால் மரத்துப்போய் எழுந்து நின்றிருப்பார் போல. வழுக்கிப் பதினைந்தடி கீழே விழுந்தார். இடுப்பு முறிந்தது. விலா எலும்பு நுரையீரலில் குத்தியது. கத்தக் குரல் வரவில்லை. மூன்று முறை சுட்டால் ஆபத்து என்று யாராவது ஓடி வருவார்கள், ஆனால் துப்பாக்கி மேலே ஆணியில் தொங்கியது. இரண்டு பரணுக்கும் நடுவில் அடர்ந்த தேவதாரு மரங்கள்.

ஒன்பது மணிக்கு ஐலாவின் முன்னால் ஒரு பெண்மான் வந்தது. வந்த வழியையே திரும்பிப் பார்த்து நின்றது. காதை விறைத்துக்கொண்டு முன்காலால் தட்டியது. தலையைக் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி தட்டியது. அது பார்த்த திசையில் வெண்டலின் மரம் இருந்தது. ஆனால் மரத்தின் மேலே அது பார்க்கவில்லை, அடியில் பார்த்தது. கடைசியில் மூக்கால் சீறிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

வெண்டல் இறங்கிவிட்டார் என்று ஐலாவுக்குப் புரிந்தது. கோபம் தலைக்கேறியது. பதினோரு மணிக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போகும் வழியெல்லாம் என்ன திட்டுவது என்று யோசித்துக்கொண்டேதான் போனாளாம். போய்ப் பார்த்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. உயிர் பிரிந்து அரை மணிகூட ஆகியிருக்காது என்றார் டாக்டர்.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தப் பெண்மான் தட்டிய விஷயம் யாருக்கும் தெரியாது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுச் சமையலறையில் இருவரும் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள்.

"அட, மான் எதுக்கு வேணா தட்டும், ஐலா. ஓநாயா இருக்கும்னு நினைச்சிருப்பே" என்றேன். வேறென்ன சொல்ல.

"இல்ல டெல்மா. கீழே அவன்தான் அசையறான்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆறு வருஷமா இறங்காதவன் இன்னிக்கு ஏன் இறங்கினான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம் இல்ல? யோசிக்கல. கோவத்துல உக்காந்திருந்தேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "வேட்டைக்குப் போடற ஆரஞ்சுத் தொப்பி அவன் கையில இருந்துச்சு. விழுந்தப்போ கழண்டதுன்னு போலீஸ்காரர் சொன்னாரு. விழுந்தது கைக்குள்ள எப்படி வரும்? அந்தக் கைப்பக்கம் சருகெல்லாம் விசிறி மாதிரி ஒதுங்கி மண்ணு தெரிஞ்சுது. ரெண்டு மணி நேரம், டெல்மா. என்னைக் கூப்பிட்டு ஆட்டிட்டே இருந்திருக்கான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

அப்போது போன் அடித்தது. டுலூத் நகரத்தில் இருக்கும் அவள் மகள் ஜனீன். ஞாயிறுதோறும் கூப்பிடுவாள், அழுவாள், அப்பா ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாரா என்று அதே கேள்வியைக் கேட்பாள். ஐலா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மறுமுனையில் அந்தப் பெண் விம்முவது எனக்கே கேட்டது.

"இல்லடா கண்ணு" என்றாள் ஐலா. "விழுந்த உடனே போயிட்டார். என்னை நினைக்கக்கூட அவருக்கு நேரம் இருந்திருக்காது."