துறைமுக ஆட்டுக்கு ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு செத்தவீடு

ஊர்ச் செய்தி வாசிப்பதை நிறுத்தச் சொல்லி என் குடும்ப வைத்தியர் கட்டளையிட்டார். மற்றவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். எனக்கு உப்போடு சேர்த்து இலங்கைச் செய்தியையும் குறைக்கச் சொன்னார். காலையில் கோப்பியோடு கைபேசியைத் திறப்பேன், இரண்டாவது செய்தியில் கத்தத் தொடங்குவேன், பிரஷர் ஏறிவிடும். "செய்தி இல்லாமல் முடியாது என்றால் அமைதியான ஓர் இடத்துச் செய்தியாகப் பார்த்து வாசியுங்கள்" என்றார். நான் சொல்வழி கேட்கிறவன். தேடிப் பிடித்தேன்.

ஜப்பானின் தெற்கில் ஒரு சிறு தீவு. ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, ஒரு துறைமுகம். அந்த ஊர்மன்றம் ஒவ்வொரு நாளும் இணையத்தில் செய்தி போடும். கைபேசி அதை டேனிஷ் மொழியில் மாற்றித் தரும். "நேற்றைய படகில் சாம்பல் நிறக் குடையை விட்டுச் சென்றவர் வந்து எடுத்துக்கொள்ளவும்." "ஒலிபெருக்கியைப் பரிசோதிப்பதால் மாலை ஐந்து மணிப் பாட்டு இன்று இரண்டு தடவை ஒலிக்கும். பொறுத்தருளவும்." வாசிக்க வாசிக்க நெஞ்சுக்குள் ஐஸ் வைத்தது மாதிரி இருந்தது.

ஆனால் நான் யாழ்ப்பாணத்தான். மூன்றே கிழமையில் அந்தத் தீவிலும் எனக்கு ஒரு கட்சி பிறந்துவிட்டது. விளையாட்டுப் போட்டியில் கிழக்குக் குறிச்சி கயிறிழுத்து வென்றது அநியாயம் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். எல்லாவற்றையும்விட, காற்று அதிகம் என்று சொல்லிச் சொல்லிப் படகை நிறுத்தினார்கள். படகு வராவிட்டால் கடையில் பால் இல்லை. காற்றாம் காற்று! டென்மார்க்கின் மேற்கு யூட்லாண்டில் இருபத்தைந்து வருடம் சைக்கிள் ஓடுகிறவனுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வருகிறார்கள். 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். டென்மார்க்கிலிருந்து நான் காட்டும் அக்கறைக்கு நன்றி, கடிதம் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது, அலை பெரிது என்று பதில் வந்தது. அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அடுத்த தடவை வைத்தியரிடம் போனபோது பிரஷர் பழைய இடத்திலேயே நின்றது.

என்னை அமைதிப்படுத்தியது ஒரு ஆடுதான். துறைமுகத்துப் புல்லை மேய்வதற்கு விட்ட வெள்ளை ஆடு. படகு வந்தால் முன்னால் போய் நிற்கும். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கும். ஒருமுறை தேர்தல் சுவரொட்டியைத் தின்றுவிட்டது. 'வேட்பாளர்கள் சுவரொட்டிகளை உயரத்தில் கட்டவும்' என்று மன்றம் அறிவித்ததே தவிர, ஆட்டை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே அந்த மன்றத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்தது. வரும் சித்திரையில் அந்த ஆட்டைப் பார்க்கப் போவதற்கு ஓல்போர்க்கில் படிக்கும் மகள் டிக்கெட் எடுத்துத் தந்தாள். மூன்று விமானம், இரண்டு படகு. "அப்பா, மற்றவை எல்லாம் டோக்கியோ பார்க்கப் போகினம்" என்றாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால் ஆட்டுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று ஒரு மாதமாக நானும் மனைவியும் வாதாடிக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை காலை செய்தி வந்தது. 'பதினேழு ஆண்டுகள் படகுகளை வரவேற்ற துறைமுக ஆடு நேற்று இறந்தது. மேற்குக் கரையில் புதைக்கப்பட்டது. படகு வழமைபோல ஓடும்.'

அந்தக் கடைசி வரியில் உடைந்துபோனேன். சும்மா காற்றுக்கெல்லாம் நிறுத்துகிறவர்கள், நிறுத்தவேண்டிய நாளில் ஓட்டினார்கள். குசினி மேசையில் இருந்து விம்மி விம்மி அழுதேன்.

மனைவி அந்த நேரம் வைலே நகரத்தில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட தங்கையோடு போனில் இருந்தாள். "ஐயோ, இவர் அழுறார். பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அழுகிற வீட்டுக்குப் போன் எடுத்து யார் செத்தது என்று கேட்கமாட்டார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரியும். சமைத்துக்கொண்டு நேரே வருவார்கள். தங்கை எங்கள் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னாளாம்.

இரண்டு மணிக்கு முதலாவது சோடி வந்தது. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பேசாமல் இருந்தார். கார் இரவல் கேட்க வந்தவர், கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். மூன்று மணிக்கு வாசலில் சப்பாத்து வைக்க இடமில்லை. பெண்கள் வெளிர்நிறச் சேலையில் வந்து மரக்கறிச் சட்டிகளை இறக்கினார்கள். பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு, தன் தோட்டத்துக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார். எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

மனைவி என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். காலையிலிருந்து அவளும் கேட்கப் பயந்துபோய் இருந்திருக்கிறாள்.

"சொல்லுங்கோப்பா. கனடா அண்ணையோ?"

"இல்லை. ஆடு."

"எந்த ஆடு?"

"தீவில நிண்ட ஆடு."

அவள் அரிசி வாளிக்கு மேலேயே இருந்துவிட்டாள். வெளியே யாரோ மெல்லத் தேவாரம் தொடங்கினார்கள்.

"இதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள். "கனடா அண்ணை எண்டு சொல்லுங்கோ."

"விசரே உமக்கு? அவர் உயிரோட இருக்கிறார்!"

"தூரத்திலதானே இருக்கிறார்."

என் கூடப்பிறந்தவரைக் கொல்லுவதா, மானம் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. கையில் பருப்புச் சட்டியோடு நாய்க்காரர் நின்றார்.

இவரைப் பற்றிச் சொல்லவேண்டும். போன வருடம் தமிழ்ச் சங்க மண்டபத்தில் தன் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடியவர். வடை, நாயின் முகம் போட்ட கேக், எல்லாம் இருந்தது. முழு மண்டபமும் கேட்க, "அடுத்தது நாய் பெரியபிள்ளையானால் சாமத்தியவீடோ?" என்று கேட்டவன் நான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாய்க்காரர் என்ற பட்டமும் நான் வைத்ததுதான். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைத்ததில்லை. இப்போது, செத்தவீட்டில் கோபம் பார்க்கக் கூடாது என்று சட்டியோடு வந்திருக்கிறார். இவருக்கு முன்னால் ஆடு என்று சொன்னால் ஹொல்ஸ்டெப்ரோவில் நான் இருக்கிற வரைக்கும் ஆட்டுக்காரன்தான். வீட்டை விற்றுப்போட்டு வேறு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

அவர் சட்டியை மேசையில் வைத்தார். என் தோளைத் தொட்டார். "அண்ணை, படம் ஒண்டு இருந்தால் தாங்கோ. விளக்கு வைப்பம்" என்றார்.

முழு வீடும் என்னைப் பார்த்தது. மனைவி பின்னால் நின்று "கனடா, கனடா" என்று வாயசைத்தாள். அண்ணையின் படத்துக்கு விளக்கு வைத்தால், நாளைக்கு அவர் வீடியோவில் வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பாரே. கைபேசியை எடுத்து ஆட்டின் படத்தைத் திறந்து நீட்டினேன்.

"இவர்தான்" என்றேன். ஏன் 'இவர்' என்று சொன்னேனோ தெரியாது.

தேவாரம் நின்றது. கைபேசி ஒவ்வொரு கையாகப் போனது. மூலையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "போன சனிக்கிழமை எங்கட வீட்டில ஆட்டுக்கறி மூண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டனீங்களே அண்ணை!"

அதோடு வீடு வெடித்தது. சோபாவில் இருந்தவர் தரையில் சரிந்து சிரித்தார். தேவாரம் பாடியவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது இரண்டும் எரிந்தன. மண்டபத்தில் அந்த மனிதருக்கும் இப்படித்தான் எரிந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. நான் அவரைப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கைபேசி அவரிடம் வந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை வயசு?"

"பதினேழு."

"ஆட்டுக்கு அது நல்ல வயசு," என்றார். பிறகு மெதுவாக, "என்ரை நாய் போன மாதம் செத்தது அண்ணை. பன்ரண்டு வயசு. சனம் சிரிக்கும் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார்.

சிரிப்பு முன்வரிசையில் நின்று, பிறகு பின்வரிசையிலும் நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆட்டுக்காக அல்ல. மனைவிதான் முதலில் அசைந்தாள். விளக்கைக் கொண்டுவந்து கைபேசிக்கு முன்னால் வைத்தாள். "கொண்டுவந்ததுகளைச் சாப்பிடுங்கோ. ஆறப்போகுது" என்றாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். போகும்போது மூன்று பேர் அந்தத் தீவுச் செய்தியின் இணைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கொடியை ஏற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன். இறந்தவர் நெருங்கியவரா என்று கேட்டார். ஓம், ஆனால் நேரில் பார்த்ததில்லை என்றேன். சித்திரையில் போகத்தான் வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாதாம்.

அதற்கு முதல் போகவேண்டிய வீடு ஒன்று இருந்தது. அடுத்த நாள் ஞாயிறு, மனைவி சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்தாள். அவர் பருப்புக் கொண்டுவந்த சட்டியைக் கழுவி, அதற்குள்ளேயே குழம்பை ஊற்றினாள். மணி அடித்தோம். கதவைத் திறந்தவர் எங்கள் உடுப்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். விலகி வழி விட்டார். உள்ளே போனோம். வழக்கப்படி நானும் ஒன்றும் கேட்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். சுவர்த் தட்டில் நாயின் படம் இருந்தது, கழுத்துப்பட்டியும் இருந்தது. அவர் நாயைப் பற்றி இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் கதைத்தார்.

நாங்கள் எழும்பும்போது, "அண்டைக்கு மண்டபத்தில அந்தக் கேக்கை நீங்கள் ஒராள்தான் சாப்பிடேல்லை" என்றார். மறக்கவில்லை மனிதர்.

"எப்ப அதின்ரை பிறந்தநாள்?" என்று கேட்டேன்.

"வாற மாசியில."

"வாறம்," என்றேன்.