கொட்டைப் புண்ணாக்கு என்று கேட்ட வினை

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிய வருஷம் வாங்கிய கறவைப் பசு எங்களுடையது. போன மாதம் நெல்லித்தோப்புக் கடையில் "கொட்டைப் புண்ணாக்கு குடுங்க பாய்" என்று கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டில் கொட்டை என்றால் மணிலாக்கொட்டைதான், அதாவது வேர்க்கடலை. சாயங்காலம் ஊறவைத்துக் காட்டினேன். இரண்டு வாய் தின்றதும் பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "கொழுப்புடி ஒனக்கு!" என்று அதட்டி இன்னும் கொஞ்சம் தின்ன வைத்தேன்.

காலையில் கறந்த பாலை எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வந்தால், பசு ரத்தமாகக் கழிந்து நடுங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, கடையில கொட்டைன்னா ஆமணக்குக் கொட்டம்மா, மாட்டுக்கு வெஷம்! தென்னைக்கு எருன்னு நெனச்சுல்ல குடுத்தேன்!" என்று பதறினார் பாய்.

திரும்பி ஓடிவந்தால், எதிர்வீட்டு அடுப்பில் அந்தப் பால் பொங்கிக்கொண்டிருந்தது. துணிகூடப் பிடிக்காமல் சட்டியைத் தூக்கிச் சாக்கடையில் ஊற்றினேன்.

மாட்டு டாக்டர் தயவில் பசு பிழைத்தது. இப்போது "மாட்டுக்கு, மணிலாப் புண்ணாக்கு" என்று முழுசாகச் சொல்லித்தான் வாங்குகிறேன். பசு முகத்தைத் திருப்பினால் அதட்டுவதில்லை, தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறேன்.