திவனாக்குக் கல்முகத்தில் ஒரு பொட்டு

லண்டன் கவுன்சிலில் இருபத்திரண்டு வருடம் எனக்குக் கொடுத்த வேலை, ஆட்கள் சொல்வதை நம்பாமல் இருப்பது. தனியாக இருக்கிறேன் என்று எழுதிப் பெனிபிட் என்ற அரச உதவிப்பணம் வாங்குகிறவரின் வீட்டுக்குப் போய், குளியலறையில் எத்தனை பல்தூரிகை இருக்கிறது என்று பார்ப்பேன். ஒரே கேள்வியைப் பத்து நிமிடம் கழித்து வேறு மாதிரிக் கேட்பேன். பதில் மாறினால் ஆள் அகப்பட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி என்னை விடவில்லை. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவுக்குப் பார்சல் கொண்டு வருகிறவனைக்கூடத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கவனிக்கிறேன் என்று மனைவி சிரிப்பாள்.

ஸ்ட்ரெதமில் இருக்கும் என் நண்பன் இதற்கு நேரெதிர். ஒரே வகுப்பில் படித்தோம், ஒரே வருடத்தில் லண்டனுக்கு வந்து சேர்ந்தோம். யார் எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்து கேட்பான். மனைவி இறந்த பிறகு, தென் அமெரிக்காவில் இன்காக்களுக்கு முன்னால் அந்தீஸ் மலைகளில் வாழ்ந்தவர்களைப் பற்றி நூலகத்தில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தான். நம்முடைய ஆட்கள் கடல் தாண்டி அங்கே போயிருக்கிறார்கள் என்பது அவன் கண்ட முடிவு. ஆதாரம்தான் கொஞ்சம் குறைவு என்பான். ஒன்றுமே இல்லாததைக் கொஞ்சம் குறைவு என்று சொல்ல அவனால்தான் முடியும்.

போன வருடம் தெரிந்தவர்களில் பதினொரு பேரைத் திரட்டி அங்கே கூட்டிப் போனான். நானும் மனைவியும் போனோம். பெருவின் கரையோரத்தில் மண்கட்டியால் எழுப்பிய பிரமிடுகளைப் பார்த்தோம். தூரத்தில் நின்று பார்த்தால் மழையில் கரைந்த குன்று மாதிரித்தான் இருந்தன. வழிகாட்டியாக வந்த பெண் சொன்ன ஒவ்வொரு வருடக் கணக்கையும் நான் போனில் தேடிச் சரிபார்த்தேன். அவள் இரண்டாம் நாளே என் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

கடைசியாகப் பொலிவியாவில் திவனாக்கு. மலைக்கு மேலே மரமில்லாத வெட்டவெளி. இன்காக்கள் அங்கே வந்தபோதே அது பாழடைந்து கிடந்ததாம். காலையில் விடுதியில் உயரத்துக்கு நல்லது என்று கோக்கா இலைத் தேநீர் கொடுத்தார்கள். எல்லோரும் குடித்தார்கள். அந்த இலையிலிருந்துதான் கொக்கெயின் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இதைக் குடித்துவிட்டு விமான நிலையத்தில் யார் பதில் சொல்வது? நான் தொடவில்லை.

அங்கே நிலத்துக்குள் பள்ளமாக இறங்கிப்போகும் ஒரு கோயில் இருக்கிறது. நாலு சுவரிலும் கல்லில் செதுக்கிய தலைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று மாதிரி ஒன்று இல்லை. சிலவற்றுக்கு மூக்குத் தேய்ந்துபோய்க் கண் மட்டும் மிச்சம். மற்றவர்கள் பார்த்துவிட்டு வழிகாட்டியோடு போன பிறகுதான் நாங்கள் இறங்கினோம். இறங்கியதும் மூலையில் இருந்த ஒரு முகத்தைப் படம் எடுத்தேன். அடுத்த நிமிடம் மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. நண்பனும் சாரதியும் கைத்தாங்கலாகப் பிடித்து பஸ்ஸுக்குக் கொண்டுபோனார்கள். நண்பன் ஆக்சிஜன் குழாயை என் முகத்தில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். மனைவி கூட வரவில்லை. அந்த நிலையிலும் எனக்கு அது சுள்ளென்று பட்டது. ஆனால் பிறகு அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மூச்சு வந்ததும், "நீ படு மச்சான், நான் ஒருக்கா ஓடிப்போய்ப் பாத்திட்டு வாறன்," என்று நண்பன் தனியாகத் திரும்பிப் போனான்.

லண்டனுக்கு வந்து ஒரு மாதத்தில் நண்பன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். கதவைப் பூட்டிவிட்டுக் கணினியில் ஒரு படத்தைப் பெரிதாக்கினான். மூலையில் இருந்த அதே முகம். நெற்றி நடுவில் வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு.

"இதுக்கு மேலை என்னடா வேணும்?" என்றான். அந்த நாட்டுப் பழைய ஆட்கள் செத்தவர்களின் முகத்துக்குச் சிவப்புப் பொடி பூசியதை அவன் வாசித்திருந்தான். ஆனால் பொட்டு யாரும் கண்டதில்லை. விம்பிள்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து, எல்லோருக்கும் சொல்லி, அன்றைக்குத்தான் இதைக் காட்டப்போகிறான். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. நான்தான் தலைமை தாங்க வேண்டும் என்றான்.

வீட்டுக்கு வந்து என் போனைத் திறந்தேன். என் படத்தில் நெற்றி வெறுமையாக இருந்தது. இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அந்த நேரத்தில் தனியாகத் திரும்பிப் போனவன் ஒருவன்தான்.

அடுத்த நாள் தொலைபேசியில் சும்மா கதைக்கிற மாதிரிக் கேட்டேன். "பொட்டை எப்ப மச்சான் முதல் கண்டனீ?"

"இறங்கின உடனையே கண்டனான்."

மூன்று நாள் கழித்து, நீ திரும்பிப் போனபோது அங்கே வேறு யாரும் நின்றார்களா என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்லை. அப்பதானே பொட்டே என்ரை கண்ணிலை பட்டது," என்றான்.

எனக்கு அது போதும். ஆசைப்பட்டவன் ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும்போது முன்னுக்குப் பின்னாக வருவது இயற்கை என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. என்னையும் முட்டாளாக்கி, என் தலைமையில் ஊரையும் முட்டாளாக்கப் பார்க்கிறானே என்ற கோபம். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பில் இருப்பதை வீட்டில் பேசுவதில்லை என்பது என் பழைய பழக்கம்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள், டாக்டர்மார், கோயில் ஆட்கள். நண்பன் கோட்டுப் போட்டு வந்திருந்தான். அரை மணித்தியாலம் பேசிவிட்டுப் பொட்டைத் திரையில் போட்டதும் சனம் கைதட்டியது. ஓரிரண்டு பேர் எழுந்தே நின்றார்கள். நான் ஒலிவாங்கியை வாங்கி, "என்னட்டையும் ஒரு படம் இருக்கு," என்றேன். என் படத்தைப் போட்டேன். இரண்டிலும் இருந்த நேரத்தை வாசித்தேன். திரும்பிப் போனது யார் என்று எல்லோருக்கும் முன்னால் அவனைக் கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். "நான் தொடேல்லை மச்சான்," என்று மெதுவாகச் சொன்னான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் கணினியை மூடாமலே பக்கக் கதவால் வெளியே போய்விட்டான்.

திரும்பும்போது கார் மெர்ட்டனுக்கு வந்தது. மனைவி, "காரை நிப்பாட்டுங்கோ," என்றாள். நிறுத்தினேன்.

"அது நான் வைச்ச பொட்டு."

எனக்கு விளங்கவில்லை.

"உங்களைத் தூக்கிக்கொண்டு போகேக்கை எனக்குக் காலும் ஓடேல்லை, கையும் ஓடேல்லை. உங்கடை சொண்டு நீலமாப் போச்சு. கைப்பையிலை கோயில் குங்குமம் கிடந்தது. கோயில் எண்டு சொன்னவைதானே, எந்தச் சாமியா இருந்தாலும் கேக்கட்டும் எண்டு கிட்ட நிண்ட முகத்துக்கு வைச்சுக் கும்பிட்டனான். கயிறு கட்டியிருந்த இடம், தொடக் கூடாது. அதாலைதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"மண்டபத்திலை ஏன் சொல்லேல்லை?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நீங்கள் மைக்கோடை நிக்கேக்கை நான் எழும்பி என்னெண்டு சொல்லுறது? அண்ணையைப் போய் விசாரிச்சிருக்கிறியள். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

என் உயிருக்காக வைத்த பொட்டைக் கொண்டு என் நண்பனைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். மிகைப்படுத்தவில்லை, அப்படித்தான் நினைத்தேன். காரைத் திருப்பி நேரே ஸ்ட்ரெதமுக்கு விட்டேன்.

மணியை மூன்று தரம் அழுத்திய பிறகு கதவு திறந்தது. சங்கிலி போட்டபடிதான் திறந்தான். அந்த வீட்டில் அந்தச் சங்கிலி மாட்டி நான் ஒருநாளும் கண்டதில்லை. கோட்டை இன்னும் கழற்றவில்லை. இடைவெளிக்குள்ளால் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது, வருகிற ஞாயிறே அதே சனத்தைக் கூப்பிட்டு அதே மேடையில் சொல்கிறேன் என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மனைவி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "சத்தியமா அண்ணை, நான்தான் வைச்சனான். உங்கடை கை அதிலை படவே இல்லை."

அவன் அவளைப் பார்த்தான். எங்கள் கல்யாணத்துக்கு மாலை கட்டிக் கொடுத்தவன், பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு என்னைவிட முதல் வந்தவன், அவள் சொன்ன எதையும் ஒருநாளும் தட்டாதவன்.

"தங்கச்சி," என்று கேட்டான், "இப்பிடிச் சொல்லச் சொல்லி இவனே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன்?"