திருப்பதிக்குப் போகாத மொட்டை

போன வாரம் டெல்லி மயூர் விஹாரில் மெட்ரோ ஏறினேன். எதிர் இருக்கையில் ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு இருக்கும். பளபளவென்று மொட்டைத் தலை. தொப்பியில்லை, துப்பட்டாவில்லை. போனில் யாரிடமோ, "ஹான் யார், கல் சௌத்தா கீமோ ஹை" என்று பெட்டி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாளைக்கு நாலாவது கீமோவாம். ஏதோ நாலாவது செமஸ்டர் என்பதுபோல. பெட்டியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன், அதுவும் எனக்குப் பின்னால் யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று. பழைய பயம், லேசில் போகாது.

தொண்ணூறுகளின் பின்பாதி. எனக்கு இருபத்து நாலு வயது. மத்திய அரசு அலுவலகமொன்றில் குமாஸ்தா வேலை கிடைத்து, முதல் இன்க்ரிமென்ட் வருவதற்குள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய், எட்டு தடவை மருந்து ஏற்றினால் சரியாகிவிட வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அந்த வார்த்தையை நாங்கள் வீட்டுக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. 'அது' என்போம். இரண்டாவது தடவைக்குள் முடியெல்லாம் கொத்துக் கொத்தாகத் தலையணையிலேயே தங்கிவிட, அம்மா ஊருக்கு ஒரு அறிவிப்பு வெளியிட்டாள். "கொழந்தைக்குத் திருப்பதியில முடி எறக்கினோம்."

சொன்னால் போதுமா? பிரசாதம் எங்கே என்பார்களே. கதவைச் சாத்திக்கொண்டு பூந்தி தேய்த்து, லட்டு பிடித்து, பிளாக் முழுக்க விநியோகித்தாள். "பெருமாளே, பாவம் எனக்கு, லட்டு அவாளுக்கு" என்று முணுமுணுத்தபடி. மாடி வீட்டு மாமி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டு, "முன்ன மாதிரி இல்லையே, பச்சைக் கற்பூரத்தைக் கொறைச்சுட்டாளோ?" என்றாள்.

இன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு இல்லை. மருந்துகளில் ஒன்று ரோஸ் சர்பத் நிறத்தில் இருக்கும். நரம்பில் ஏறும்போதே நாக்கில் பித்தளை ருசி. டெல்லி வெயிலில் யார் வீட்டுக்குப் போனாலும் சர்பத் நீட்டுவார்கள். நான் பாத்ரூம் எங்கே என்று கேட்பேன். கடைசியில் ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ் திரும்பினாலே வயிறு புரட்ட ஆரம்பித்தது. ஐந்தாவது தடவைக்கு, "நான் தனியாவே போயிக்கறேன்பா" என்று பெரிய வீரன் மாதிரி சொல்லிவிட்டு வந்தவன், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, சாலையைக் கடந்து எதிர்ப்புற நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். திட்டம் எளிமையானது. சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பது, வீட்டுக்குப் போய் "ஆச்சு" என்பது. இனி எப்போதும் இப்படியே. சீட்டுப் போடும் கவுன்டரை இன்னும் சற்று நேரத்தில் மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் கவலை விட்டது.

"தமிழா?" பெஞ்சின் மறுகோடியில் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிச் சுற்றிய ஒரு பெண். "டப்பாலேர்ந்து தயிர்சாதம் வாசனை வருது."

"ஆமாம்."

என் தலையைப் பார்த்தாள். "திருப்பதியா?"

"ஆமாம். வேண்டுதல்."

"அச்சா. புருவம்கூட வேண்டிக்கிட்டீங்களா?"

எனக்குக் குப்பென்று வியர்த்தது. எங்கள் பிளாக்கில் அத்தனை மாமிகள் கண்ணிலும் படாதது! எழுந்து ஓடப் பார்த்தேன். அவள் துப்பட்டாவை ஒரு விரலால் தூக்கினாள். மொட்டை. அவளுடைய புருவங்கள் பென்சிலால் வரைந்தவை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எங்க வீட்ல பழனின்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

பெயர் சாரு. மோதி பாக் குவார்ட்டர்ஸ். அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவள். டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

"உள்ள போகலையா? ஜல்தி போங்க, மூடிடுவான்."

"போகப் போறதில்ல. போதும்."

அறிவுரை வரும், மூக்குடைக்கலாம் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. கழுத்தருகே துப்பட்டாவை விலக்கினாள். காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம்.

"நானும் இதே பெஞ்சுதான். ரெண்டு வாட்டி உள்ள போகாமலே வீட்டுக்குப் போய் ஆச்சுன்னு சொன்னேன். திரும்பி வந்துடுச்சு. இப்ப மறுபடி முதல்லேர்ந்து. இன்னும் ஸ்ட்ராங் மருந்து."

"நீங்க போகாம இருந்தது வீட்ல தெரியுமா?"

"உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் தகரத்தைத் தட்டிக் கூவினான். அதில் ஏறினால் வீடு. நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். சாருவும் எழுந்தாள்.

"எனக்கும் பயமா இருக்கு. நீங்க வந்தா நானும் வரேன். யாரு மொதல்ல வாந்தி எடுக்கறாங்களோ, அவங்க சமோசா வாங்கணும்."

பஸ் போய்விட்டது. நாங்கள் சாலையை ஓடிக் கடந்தோம். கவுன்டர்காரன் பலகையை இறக்கிக்கொண்டிருந்தான். சாரு இடுக்கில் கையை விட்டு, "பையா, ஏக் மினிட்!" என்று கத்தினாள். அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பலகையை மறுபடி தூக்கினான்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சமோசா நான்தான் வாங்கினேன். ஊசி குத்தாத கையால் அவள் கண்மைப் பென்சிலை எடுத்து எனக்கும் புருவம் வரைந்தாள். ஒன்று சற்று மேலே ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் முழுக்க, வீட்டில் யார் என்ன சொன்னாலும் நம்பாதவன்போலவே இருந்தேன்.

மிச்சத் தடவைகளையும் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வரும்படி கேட்டு வாங்கிக்கொண்டோம். வீட்டில் எல்லோருக்காகவும் தைரியமாக இருந்து இருந்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. பயமாக இருக்கிறது என்று சொன்னால், "எனக்குந்தான், நகருங்க" என்று சொல்ல ஒரு ஆள். போன் நம்பர் கேட்டேன்.

"பாகல்! பைத்தியமா உங்களுக்கு? கேன்சரைக்கூட எங்கப்பா தாங்கிட்டாரு. ஒரு பையன் போன் பண்றான்னா தாங்க மாட்டாரு."

குவார்ட்டர்ஸ் எண்ணை மட்டும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

எட்டாவதோடு எனக்கு முடிந்தது. அவளுக்குப் பாக்கி இருந்தது. அடுத்த முறை சும்மா துணைக்கு உட்காரப் போனேன். அவள் கட்டிலில் வேறு யாரோ. வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றாள் நர்ஸ். குளிர்காலத்தில் மோதி பாக் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவள் ஒரு பஞ்சாபி அம்மாள். தீபாவளிக்குப் பிறகுதான் வீடு தங்களுக்கு அலாட் ஆயிற்று, முன்னால் இருந்தவருக்கு மாற்றலாகிவிட்டது என்றாள். போகும்போது எத்தனை பேராகப் போனார்கள் என்று கேட்டேன். அவளுக்கு எப்படித் தெரியும்?

சமீபத்தில் மறுபடி மோதி பாக் பக்கம் போனேன். துணிக்கொடிகளும், ஸ்கூட்டர் நிறுத்தும் மரத்தடிகளுமாக இருந்த வீட்டு வரிசைகள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் இடித்துவிட்டு உயர உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் காவலாளி மறித்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். சாருவின் பெயரைச் சொன்னேன்.

ஃப்ளாட் நம்பர் கேட்டான்.